பத்துப் பேர் என்றால் எந்தப் பத்துப் பேர்?

அமெரிக்காவில் கோடை வந்துவிட்டால் ஏரிக்கரைகளில் பான்டூன் படகுக்கு (குழாய் வடிவ மிதவைகளின் மேல் தட்டையான தளம் பொருத்திய படகு) கிராக்கி. அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்க் குடும்பங்கள் மூன்று நான்காகச் சேர்ந்து ஒரு படகை வாடகைக்கு எடுத்து, ஐஸ் பெட்டியும் பிரியாணிச் சட்டியுமாகக் கிளம்புவது வழக்கம். பிள்ளைகளைப் பார்க்கப் போன அப்பா அம்மாவும் கூடவே இருப்பார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டால் கடைக்காரர் "பத்துப் பேர்" என்பார். தலையை எண்ணிப் பார்ப்போம், சரியாகப் பத்து. ஏறிவிடுவோம்.

அந்தப் பத்தை எப்படிப் புரிந்துகொள்வது, ஏறிய பிறகு யார் எங்கே உட்காருவது என்பதுதான் இந்தக் கட்டுரை. படகையே தொட்டுப் பார்க்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், இந்தப் படகு எப்படி மிதக்கிறது? தளத்துக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு அலுமினியக் குழாய்கள் இருக்கும். இரு முனையும் அடைத்து, உள்ளே காற்றை மட்டும் வைத்த குழாய்கள். அவை எவ்வளவு நீரை விலக்குகின்றனவோ அந்த நீரின் எடைக்குச் சமமான பாரத்தைத் தாங்கும். பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் விதிதான், வேறொன்றும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாயின் விட்டம் 60 செ.மீ., நீளம் 6 மீட்டர் என்று வையுங்கள். இரண்டு குழாயும் பாதி மூழ்கி நிற்கும்போது தாங்கும் மொத்த எடை சுமார் 1,700 கிலோ. படகும் மோட்டாரும் 1,000 கிலோ என்றால், ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது 700 கிலோ.

"பாதிதானே மூழ்கியிருக்கிறது? முழுதும் மூழ்கும்வரை ஏற்றினால் இன்னும் 1,700 கிலோ தாங்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். காகிதத்தில் தாங்கும். ஆனால் குழாய் உருண்டையானது என்பதை மறந்துவிடக் கூடாது. பாதி உயரத்தில்தான் அது அதிக அகலம். அதற்கு மேல் ஏற ஏற குறுகிக்கொண்டே போகும். பாதி மூழ்கிய நிலையில் படகு இன்னும் 1 செ.மீ. இறங்க 72 கிலோ வேண்டும், அதாவது ஒரு ஆள். முக்கால் உயரம் மூழ்கிவிட்டால் 62 கிலோ போதும். மேல்விளிம்புக்கு 6 செ.மீ. மட்டும் பாக்கி இருக்கும்போது 43 கிலோவுக்கே 1 செ.மீ. இறங்கிவிடும். பாரம் கூடக் கூட படகு முன்னைவிட வேகமாகத் தாழ்கிறது. கூட்டம் நெரியும் டவுன் பஸ்ஸில் இன்னும் இரண்டு பேர் தொற்றிக்கொண்டால் ஸ்பிரிங்தான் கொஞ்சம் அழுந்தும், கீழே இருக்கும் சாலை விலகிப் போகாது. தண்ணீர் விலகும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுவே பெரிய காரணம். படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கக் குழாய் இன்னும் ஆழமாக இறங்கி, கூடுதல் நீரை விலக்கி, படகைத் திரும்ப நிமிர்த்த வேண்டும். அதற்கு அந்தக் குழாயில் நீருக்கு மேலே நிற்கும் பகுதி மிச்சம் இருக்க வேண்டும். அதைப் பாரம் முன்னமே தின்றுவிட்டால் நிமிர்த்துவதற்கு எதுவும் கையில் இல்லை. நீருக்கு மேலே தெரிகிற அந்த அரைக் குழாய் வீணாகக் கிடக்கிற இடமல்ல.

சரி, எல்லாரும் ஒரே பக்கம் போனால் என்ன ஆகும்? மேலே சொன்ன அதே படகில் 75 கிலோ வீதம் பத்துப் பேர். நடுவிலிருந்து எல்லாரும் ஒரு மீட்டர் வலப்பக்கம் நகர்ந்து போட்டோவுக்கு நிற்கிறார்கள். வலப்பக்கக் குழாயின் மேல் கூடுதலாக 400 கிலோவுக்குச் சற்று மேல் விழும். குழாய் இறங்கி, நீருக்கு மேலே சுமார் 17 செ.மீ. மட்டும் தெரியும். படகு சாயும், ஒன்றிரண்டு பேர் கத்துவார்கள், ஆனால் நிற்கும். இப்போது அதே படகில் பதினைந்து பேர். அதே ஒரு மீட்டர். வலப்பக்கக் குழாய் ஏறக்குறைய முழுதாகவே மூழ்கிவிடும். இத்தனைக்கும் அலை இல்லை, காற்று இல்லை. ஐந்து பேர் கூடுதலாக ஏறியதற்கும், "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்று ஒருவர் சொன்னதற்கும் கிடைத்த பலன் இது.

இப்படியெல்லாம் நிஜத்தில் நடக்குமா? பான்டூன் படகு கவிழாது என்று பலர் நம்புகிறார்கள். அகலமான தளம், சோபா மாதிரி இருக்கை, சுற்றிலும் கம்பி வேலி. பார்த்தால் வீட்டு வராந்தா மாதிரி இருப்பதால் வந்த நம்பிக்கை. பால்டிமோர் நகரில் நடந்ததைச் சொல்கிறேன்.

2004 மார்ச் 6. துறைமுகத்தில் 'லேடி டி' என்ற பான்டூன் படகு நீர் டாக்ஸியாக ஓடிக்கொண்டிருந்தது. ஃபோர்ட் மெக்ஹென்றி கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பயணிகள் 23, ஊழியர் 2, ஆக 25 பேர். அமெரிக்கக் கடலோரக் காவல்படை அந்தப் படகுக்கு அனுமதித்த எண்ணிக்கையும் 25தான். ஒரு தலை கூட அதிகம் இல்லை. வழியில் பலத்த காற்றும் அலையும் வந்தன. படகு கவிழ்ந்தது. 5 பேர் இறந்தார்கள். அருகிலிருந்த கடற்படை ரிசர்வ் மையத்து வீரர்கள் ஒரு தரையிறங்கு படகை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்காவிட்டால் சாவு இன்னும் அதிகமாகியிருக்கும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஏன் கவிழ்ந்தது? அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் (விபத்துகளின் காரணத்தை ஆராயும் அரசு அமைப்பு) இதைத் துருவியது. 25 என்ற எண்ணைக் கணக்கிட்டபோது ஓர் ஆளின் சராசரி எடை 140 பவுண்டு, அதாவது 63.5 கிலோ என்று வைத்திருந்தார்கள். ஆணும் பெண்ணும் குழந்தையும் கலந்த கூட்டத்துக்கு அந்தக் காலத்தில் போட்ட கணக்கு. அன்று படகில் இருந்தவர்களின் சராசரி எடையோ 168 பவுண்டுக்குச் சற்று மேல், சுமார் 76 கிலோ. ஆளுக்கு 28 பவுண்டு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 25ஆல் பெருக்கினால் 700 பவுண்டு, 318 கிலோ. கண்ணுக்குத் தெரியாத ஐந்து பயணிகளைக் கூட ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அது மட்டுமல்ல. பான்டூன் பயணிகள் படகுக்கு ஒரு நிலைப்புச் சோதனை (சாய்ந்தால் நிமிருமா என்று பார்க்கும் சோதனை) உண்டு. பயணிகளின் எடைக்குச் சமமான பாரத்தை ஒரே ஓரத்துக்குத் தள்ளி வைத்து, அந்தப் பக்க மிதவை மூழ்கிவிடாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். லேடி டி-யின் எண்ணிக்கை அதே படகில் நடந்த சோதனையிலிருந்து வரவில்லை. இரண்டும் ஒரே ரகம் என்று எடுத்துக்கொண்டு, வேறு ஒரு பான்டூன் படகின் சோதனையை அதற்கும் பொருத்திவிட்டார்கள். உண்மையில் இரண்டும் ஒரே ரகம் இல்லை. சட்டையை அண்ணனுக்கு அளவெடுத்துவிட்டுத் தம்பிக்குப் போட்டால் கூட அக்குள் இடிப்பதோடு போகும், இங்கே ஐந்து உயிர் போயிற்று.

அடுத்த ஆண்டே, 2005 அக்டோபர் 2 அன்று, நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் 'ஈதன் ஆலன்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20 பேர் இறந்தார்கள். பான்டூன் அல்ல, சாதாரண அடிப்பாகம் கொண்ட படகு. ஆனால் கதை ஒன்றுதான்: 140 பவுண்டுக் கணக்கில் 48 பயணிகளுக்கு அனுமதி, ஏறியவர்கள் 47. உண்மையான எடையை வைத்துப் பார்த்தால் 14 பேருக்கு மேல் ஏற்றியிருக்கக் கூடாது என்று வாரியம் சொன்னது. அந்தப் படகில் துணிக் கூரையை எடுத்துவிட்டு மரக்கூரை போட்டிருந்தார்கள், அதற்குப் பிறகு நிலைப்புச் சோதனை செய்யவே இல்லை. உயரத்தில் வைத்த பாரம் படகைச் சாய்க்கவே பார்க்கும்.

இதற்கெல்லாம் பிறகு விதி மாறியது. பயணிகள் படகுகளின் நிலைப்பைக் கணக்கிட ஓர் ஆளுக்கு 185 பவுண்டு (சுமார் 84 கிலோ) என்று 2011 டிசம்பர் 1 முதல் வைத்திருக்கிறார்கள்.

"அப்பாடா, அப்போ பிரச்சினை தீர்ந்தது" என்று நினைத்துவிடாதீர்கள். அது காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஆய்வுக்குட்பட்ட படகுகளுக்கான விதி. அப்படிப்பட்ட படகில் ஆய்வுச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டி வைத்திருப்பார்கள். நீங்களே வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுகிற படகு வேறு வகை. அங்கே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து கேப்டன் நீங்கள்தான். அதிக பாரத்துக்கும் நீங்களே பொறுப்பு. கடைக்காரர் கரையில் இருப்பார்.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்வது? ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். கொள்ளளவுத் தகடு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 20 அடிக்குக் குறைவான, ஒற்றை அடிப்பாகம் கொண்ட மோட்டார் படகுகளுக்குத்தான் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பான்டூனுக்கு இரண்டு மூன்று அடிப்பாகம் என்பதால் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனாலும் பெரும்பாலான பான்டூன் தயாரிப்பாளர்கள் ஏபிஒய்சி என்ற படகுத் தர மன்றத்தின் அளவுகோலைப் பின்பற்றித் தாங்களாகவே தகடு பொருத்துகிறார்கள். தகடே இல்லாத படகைக் கடைக்காரர் கொடுத்தால் வேறு படகு கேளுங்கள். "உரிஞ்சு போச்சு, பத்துப் பேர் போகலாம்" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

தகட்டில் என்ன எழுதியிருக்கும்? ஓர் எடுத்துக்காட்டு: '10 பேர் அல்லது 1,500 பவுண்டு'. அதன் கீழே 'ஆட்கள், மோட்டார், சாமான் எல்லாம் சேர்த்து 2,200 பவுண்டு'. அதற்கும் கீழே மோட்டாரின் அதிகபட்சக் குதிரைத்திறன். உங்கள் படகில் எண்கள் வேறாக இருக்கும், அமைப்பு ஏறக்குறைய இதுதான்.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் 'அல்லது' என்ற சொல். பத்துப் பேரா, 1,500 பவுண்டா, எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. எது முதலில் நிறைகிறதோ அங்கேயே நிறுத்த வேண்டும்.

நான்கு தம்பதிகள், இரண்டு சின்னக் குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆணுக்கு 180 பவுண்டு, பெண்ணுக்கு 150 என்றால் பெரியவர்கள் 1,320. குழந்தைகள் இருவரும் சேர்ந்து 110. மொத்தம் 1,430. உள்ளே அடங்குகிறது. இப்போது குழந்தைகளுக்குப் பதில் இன்னொரு தம்பதி. அதே பத்துத் தலைதான், எடை 1,650. எல்லை தாண்டிவிட்டது. ஆபீஸ் நண்பர்கள் பத்து ஆண்கள், ஆளுக்கு 190 பவுண்டு என்றால் 1,900. எல்லையை 400 பவுண்டு தாண்டிய பிறகும் "பத்துப் பேருக்கு மேல இல்லையே சார்" என்று வாதாடலாம். ஏரி அந்த வாதத்தைக் கேட்காது.

எல்லாரிடமும் போய் எடை கேட்பது நாகரிகமா? கேட்கவே வேண்டாம். கேட்டாலும் பாதிப் பேர் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த எடையைத்தான் சொல்வார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் 185 பவுண்டு என்று நீங்களே மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் 1,500 பவுண்டுப் படகில் எட்டுப் பேர் ஏறினால் நிறைந்துவிடும். கூட்டத்தில் நல்ல ஆகிருதியானவர்கள் இருந்தால் ஏழோடு நிறுத்துங்கள்.

கைக்குழந்தை கணக்கில் வருமா? வரும். "மடியிலதானே வச்சுக்கப் போறேன்" என்பதெல்லாம் பஸ் டிக்கெட்டுக்குச் சரி. படகில் மடியில் இருந்தாலும் ஓர் ஆள்தான். லைஃப் ஜாக்கெட் கணக்கிலும் ஓர் ஆள். அமெரிக்க விதிப்படி படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உடம்புக்குப் பொருந்துகிற லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் படகு ஓடும்போது போட்டே இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. மாநிலத்துக்கு மாநிலம் வயது வரம்பு மாறும் என்பதால் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளின் ஜாக்கெட் எடைப்படி வரும்: 30 பவுண்டு வரை ஒன்று, 30 முதல் 50 வரை ஒன்று, 50 முதல் 90 வரை ஒன்று. "பெரிசா இருந்தா நல்லதுதானே" என்று ஒரு சைஸ் கூட்டிப் போட்டால் தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மேலே வரும், குழந்தை கீழே நழுவும்.

சாமான் எடையை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதே எடுத்துக்காட்டுப் படகையே எடுங்கள். மொத்தம் 2,200 பவுண்டு. ஆட்களுக்கு 1,500 போனால் மிச்சம் 700. 115 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று சுமார் 370 பவுண்டு இருக்கும், பேட்டரி 50. ஆக, நீங்கள் கொண்டுபோகும் எல்லாவற்றுக்கும் 280 பவுண்டுதான். 50 லிட்டர் ஐஸ் பெட்டியை ஐஸும் குளிர்பானமும் போட்டு நிரப்பினால் அதுவே 110. அரை லிட்டர் பாட்டில்கள் 24 உள்ள தண்ணீர்க் கட்டு இரண்டு ஏற்றினால் 53. அப்புறம் பிரியாணிச் சட்டி, அடுப்பு, நங்கூரம், ஸ்பீக்கர், குழந்தைகளை இழுக்கும் ரப்பர் ட்யூப். எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஓர் ஆளையாவது கரையில் விட வேண்டிய கணக்கு வரும். தண்ணீர்க் கட்டில் ஒன்றை இறக்கி வைப்பது எளிது.

மூன்று குழாய் உள்ள படகென்றால் இந்தக் கவலை வேண்டாமா? டிரைட்டூன் என்பார்கள் (நடுவில் மூன்றாவது மிதவை கொண்ட பான்டூன்). தாங்கும் எடை கூடும், உண்மை. தகட்டிலும் பெரிய எண் இருக்கும். ஆனால் பக்கவாட்டுச் சாய்வைத் தாங்குவது பெரும்பாலும் ஓரத்துக் குழாய்கள்தான். நடுக்குழாய் நடுவிலேயே இருப்பதால் அதில் அதன் பங்கு குறைவு. எனவே அங்கும் எல்லாரும் ஒரே பக்கம் ஓடுவது ஆகாது.

எடை சரி, இனி இடம். என்னைக் கேட்டால் எடையை விட இதில்தான் குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. எடையை ஒருமுறை கரையில் பார்த்துவிட்டால் முடிந்தது. இடம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்.

ஏறும்போது ஒவ்வொருவராக, நடுப்பகுதிக்கு வரட்டும். இடம் வலம் இரண்டிலும் ஏறக்குறையச் சம எடை இருக்கும்படி உட்கார வையுங்கள். மாமாவும் சித்தப்பாவும் எதிரெதிர் பக்கம் உட்கார்ந்தாலும் சத்தமாகப் பேசிக்கொள்ளலாம். ஐஸ் பெட்டி நடுவில், தளத்தின் மேல், நகராதபடி. மாடியுள்ள படகென்றால் மேல்தளத்தில் எத்தனை பேர் என்பதற்குத் தனி வரம்பு உண்டா என்று கேளுங்கள், ஓடும்போது பெரியவர்களைக் கீழேயே வையுங்கள்.

முன்பக்கம் ஏன் ஆபத்து? பான்டூனின் முன்பக்கத்தில்தான் நல்ல சோபாவும் காற்றும் காட்சியும். எல்லாரும் அங்கேதான் போவார்கள். மற்றப் படகுகளுக்கு முன்பக்கம் உயர்ந்து, அகன்று, அலையை ஒதுக்கும் வடிவம் இருக்கும். பான்டூனுக்கு அது இல்லை, தட்டையான தளம் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பக்கம் பாரத்தில் தாழ்ந்திருக்கும்போது பெரிய படகு ஒன்று கிளப்பிய அலை எதிரே வந்தால், குழாய்களின் மூக்கு அலைக்கு அடியில் புகுந்து தண்ணீர் தளத்தின் மேல் ஏறிவிடும். ஏறிய தண்ணீரும் பாரம்தான், அதுவும் முன்பக்கத்திலேயே. ஒரு கன மீட்டர் நீர் 1,000 கிலோ என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த நேரத்தில் பயந்துபோய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை முழுதாக இறக்குவதுதான் பலர் செய்வது. வேகம் திடீரென்று குறைந்தால் படகின் மூக்கு இன்னும் கீழே குத்தும். அலை தூரத்தில் வரும்போதே மெல்ல வேகத்தைக் குறையுங்கள், முன்னால் இருப்பவர்களைப் பின்னால் வரச் சொல்லுங்கள், அலையைச் சற்றுச் சாய்வாகச் சந்தியுங்கள். வேகமாகப் போய்விட்டு நின்று திரும்பினால் உங்கள் படகே கிளப்பிய அலை உங்களைத் தேடி வரும், அதற்கும் இதே முறைதான்.

வேலிக்கு வெளியே, முன் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது கூடவே கூடாது. போட்டோவுக்கு அழகாக இருக்கும். விழுந்தால் இரண்டு குழாய்களுக்கும் நடுவே போய்ப் பின்னால் சுழலும் விசிறியில் சிக்குவார்கள். பல மாநிலங்களில் சட்டப்படியும் குற்றம்.

கூட்டம் ஒரே பக்கம் ஓடுவது எதற்காக? பெரும்பாலும் வேடிக்கை பார்க்கத்தான். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதாக அப்போது செய்தி வந்தது. டெக்சாஸில், ஆஸ்டின் நகருக்குப் பக்கத்திலுள்ள டிராவிஸ் ஏரியிலும் 2004 மே மாதம் ஏறக்குறைய 60 பேருடன் ஒரு கேளிக்கைப் படகு கவிழ்ந்தது. கரையில் ஆடையில்லாமல் குளிக்க அனுமதியுள்ள பூங்கா ஒன்று இருக்கிறது, அதைக் கடக்கும்போது எல்லாரும் ஒரு பக்கம் வந்துவிட்டார்கள். அங்கே நல்லவேளையாக யாரும் சாகவில்லை. உங்கள் படகில் மானோ டால்பினோ வேறெதுவோ கண்ணில் பட்டால், படகையே திருப்பிக் காட்டுங்கள். ஆட்கள் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

"நங்கூரம் போட்டு நிறுத்தித்தானே இருக்கிறோம், இப்போது என்ன?" நிறுத்திய படகில்தான் கட்டுப்பாடு காற்றில் பறக்கும். இரண்டு மூன்று படகுகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு, சாப்பாடு இருக்கும் படகுக்கு எல்லாரும் தாவுவார்கள். பத்துப் பேர் படகில் இருபது பேர். குழாய்க்குப் படகு ஓடுகிறதா நிற்கிறதா என்பது தெரியாது, பாரம் மட்டும் தெரியும். நீந்தியவர்கள் ஏணி வழியாக ஏறும்போதும் கவனம் வேண்டும். ஏணி பெரும்பாலும் பின்பக்கம், மோட்டாரின் கனமும் அங்கேதான். கை கொடுக்க நான்கு பேர் பின்னால் போக வேண்டியதில்லை, ஒருவர் போதும். மோட்டார் அணைந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ட்யூபில் இழுத்துச் செல்லும் பிள்ளைகளையும் ஆள் கணக்கில் சேர்த்துவிடுங்கள், இருட்டினாலோ மழை வந்தாலோ அவர்களும் படகுக்குள்தான் வர வேண்டும்.

கிளம்புவதற்கு முன் இரண்டு நிமிஷம் செலவழித்து ஒன்று செய்யுங்கள். யாரும் ஏறாத படகைத் துறையிலிருந்து குனிந்து பாருங்கள். குழாயின் மேல் பாசியும் அழுக்கும் படிந்து ஒரு கோடு தெரியும். அந்தப் படகு வழக்கமாக நிற்கும் நீர்மட்டம் அது. இருபுறமும் நீர் ஒரே அளவில் நிற்கிறதா என்றும் பாருங்கள். காலிப் படகிலேயே ஒரு குழாய் தாழ்ந்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம். அந்தப் படகு வேண்டாம். பிறகு எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும் ஒருவரைத் துறையில் நிற்க வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். குழாய் பாதிக்கு மேல் நன்றாக மூழ்கியிருந்தாலோ, முன்பக்கம் பின்பக்கத்தை விடத் தாழ்ந்திருந்தாலோ ஆளையோ சாமானையோ இறக்க வேண்டும். தகட்டின் எண்ணுக்குள் இருந்தாலும் கண் சொல்வதை நம்புங்கள். தகட்டின் எண் அமைதியான நீருக்கு. காற்று வீசுகிற நாளில் அதற்கும் கீழேயே நிற்பது நல்லது, பான்டூனின் துணிக் கூரை காற்றைப் பாய்மரம் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

அதிகம் ஏற்றினால் யாராவது பிடிப்பார்களா? பிடிப்பார்கள். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய படகை அப்படியே கரைக்குத் திரும்பச் சொல்லக் கடலோரக் காவல்படைக்கு அதிகாரம் உண்டு. மாநில நீர்நிலைக் காவலர்களும் அபராதம் போடலாம். வாடகை ஒப்பந்தத்தில் கொள்ளளவை மீறினால் சேதம் முழுதும் உங்கள் தலையில் என்ற வரி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

ஆட்கள் மிஞ்சிவிட்டால் என்ன செய்வது? இரண்டாவது படகு எடுக்கலாம், இரண்டு நடையாகப் போகலாம். காலையில் பிள்ளைகள், மாலையில் பெரியவர்கள் என்று பிரித்தால் யாருக்கும் மனக்கசப்பு வராது. விருந்துக்கு வந்தவரிடம் "நீங்க இறங்குங்க" என்று துறையில் வைத்துச் சொல்வதுதான் கஷ்டம், அதனால் வாட்ஸ்அப் குழுவில் நாலு நாள் முன்னாடியே "படகில் எட்டுப் பேர்தான்" என்று போட்டுவிடுங்கள்.

எல்லாம் பார்த்தும் படகு கவிழ்ந்துவிட்டால், கரை பக்கத்தில் தெரிகிறது என்று நீந்திப் போகாதீர்கள். தண்ணீரில் தூரம் ஏமாற்றும். தலைகீழானாலும் அடைத்த குழாய்கள் மிதந்துகொண்டுதான் இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உடனே தலைகளை எண்ணுங்கள். யாராவது குறைந்தால் கூரைத் துணிக்கும் தளத்துக்கும் இடையில் முதலில் தேடுங்கள். படகில் ரேடியோ இருந்து அது வேலை செய்தால் 16ஆம் சேனல், இல்லையென்றால் 911. அதற்காகவே ஒரு போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, ஓட்டுபவரின் உடம்போடு கட்டி வையுங்கள்.